ஆள்காட்டி கத்தும் இடத்திலா முட்டை இருக்கும்?

செம்மண்காடு | ஏப்ரல் 6, மாலை 6.40

கடலை எடுத்த காட்டுல கோடை உழவு ஓட்டணும். உள்ளே தரையில முட்டை இடுற சிவப்பு மூக்கு ஆள்காட்டிக் குருவி ஒரு ஜோடி இருக்கு. காட்டுக்குள்ள கால் வெச்சாலே தலைக்கு மேல வந்து கத்துது. எந்த இடத்துல ரொம்பக் கத்துதோ அங்கதான் முட்டைன்னு ஊர்ல சொல்வாங்க. அப்படித் தேடினா ஒண்ணும் கிடைக்கல. ரெண்டு ஏக்கர், பூரா சரளை. ஒரு வாரத்துல டிராக்டர் வருது. முட்டையை எப்படிக் கண்டுபிடிக்கிறது, கண்டுபிடிச்சா என்ன பண்றது?

கரட்டுமேடு | ஏப்ரல் 6, இரவு 9.15

அது கத்தும் இடத்தை விடுங்கள். அடங்கும் இடத்தைப் பாருங்கள்.

ஆள் வருவது தூரத்தில் தெரிந்ததுமே அடையில் இருக்கும் பறவை தலையைத் தாழ்த்திக்கொண்டு எழுந்து, சத்தம் போடாமல் பத்து இருபது மீட்டர் நடந்து விலகிவிடும். அங்கிருந்துதான் எழும்பும், அதற்கப்புறம்தான் கத்தல். ஆகவே கத்திய இடமும் கூடு இல்லை, எழும்பிய இடமும் கூடு இல்லை. நீங்கள் காட்டுக்குள் நடந்து தேடும் வரைக்கும் அது திரும்பி வந்து உட்காராது.

செய்ய வேண்டியது இதுதான். காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள், அல்லது மாலை ஐந்துக்கு மேல் போங்கள். காட்டுக்கு வெளியே அறுபது எழுபது மீட்டர் தள்ளி ஒரு மரத்தடியிலோ வண்டிக்குள்ளேயோ அசையாமல் உட்காருங்கள். கார் இருந்தால் அதுதான் நல்லது. வண்டிக்குப் பயப்படாத பறவை, அதிலிருந்து இறங்கும் ஆளுக்குப் பயப்படும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கத்தல் ஓயும். அப்புறம் ஒன்று நடக்க ஆரம்பிக்கும். நேராக நடக்காது. நாலடி வேகமாக ஓடும், நிற்கும், குனிந்து எதையோ கொத்துவதுபோல் காட்டும், திரும்பி வேறு பக்கம் போகும். கடைசியில் ஒரு இடத்தில் நின்று கீழே குனிந்து பார்க்கும். முட்டையை மூக்கால் லேசாகத் திருப்பும். வயிற்று இறகைச் சிலிர்த்துக்கொண்டு, இப்படியும் அப்படியும் அசைந்து அமரும். அந்த அசைவுதான் அடையாளம்.

உடனே எழுந்து ஓடாதீர்கள். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து பறவைக்கு நேர் பின்னால் தெரியும் பனையையோ மின்கம்பத்தையோ குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வேளை காட்டின் இன்னொரு பக்கத்திலிருந்து இதேபோல் பார்த்து இன்னொரு குறி எடுங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தைச் சுற்றி மூன்று மீட்டருக்குள் முட்டை இருக்கும். சரளைக்காட்டில் ஒரு குறியை மட்டும் நம்பி இறங்கினால் முட்டையை மிதித்துவிட நிறைய வாய்ப்பு.

கண்மாய்க்கரை | ஏப்ரல் 7, காலை 5.50

ஊர்ச் சொல்லை முழுக்கத் தள்ளிவிட வேண்டாம். கத்தலில் வேறுபாடு உண்டு. தூரத்தில் நின்று விட்டு விட்டுக் கத்தினால், ஆள் வந்தது தெரிந்து ஜோடியை எச்சரிக்கிறது, அவ்வளவுதான். சுற்றிச் சுற்றி வந்து, தலையை உரசுகிற மாதிரி பாய்ந்து, கத்தலின் இடைவெளி குறைந்துகொண்டே போனால், கூடோ குஞ்சோ கிட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது காலடியைப் பார்த்து நில்லுங்கள். வந்த வழியே, வைத்த அடியிலேயே திரும்புங்கள்.

குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்க நெருங்க ஆவேசம் கூடும். முட்டை இட்ட புதிதில் கொஞ்சம் கத்திவிட்டுப் போய்விடும் ஜோடி, நாலாவது வாரத்தில் நாயைத் துரத்தும்.

கரட்டுமேடு | ஏப்ரல் 7, காலை 8.05

கண்மாய்க்கரை சொல்வது சரி. நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்: கத்தல் எவ்வளவு கிட்டே என்பதைச் சொல்லும், எந்தத் திசை என்பதைச் சொல்லாது.

இன்னொன்று. பொய் அடை. முட்டையே இல்லாத இடத்தில், நீங்கள் பார்க்கும்போதே, அடைகாப்பதுபோல் உட்காரும். அங்கே போனால் எழுந்து பத்தடி தள்ளி மறுபடி உட்காரும். கூட்டிலிருந்து உங்களை விலக்கிக்கொண்டே போகும். உண்மை அடைக்கும் இதற்கும் வித்தியாசம் மூன்று: பொய் அடையில் குனிந்து முட்டையைப் பார்க்காது, உடம்பை அசைத்து அமராது, சில நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் தங்காது. அரை மணி நேரம் நகராமல் இருந்தால் அது கூடுதான்.

வெறும் குழியைக் கண்டு "முட்டையை யாரோ எடுத்துவிட்டார்கள்" என்று முடிவுகட்டவும் வேண்டாம். ஒரு ஜோடி நாலைந்து இடத்தில் நெஞ்சால் அழுத்தி, காலால் கீறி, குழி பறித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்.

செம்மண்காடு | ஏப்ரல் 8, இரவு 7.30

கிடைச்சிருச்சு. நாலு முட்டை. போட்டோ எடுக்கல. ரெண்டு நிமிஷத்துல வந்துட்டேன். இப்ப உழவுக்கு என்ன பண்றது?

கரட்டுமேடு | ஏப்ரல் 8, இரவு 10.20

நாலு என்றால் ஈடு (ஒரு தடவைக்கு இடும் முட்டைகள்) முடிந்தது. வழக்கமாக மூன்று அல்லது நான்குதான். முட்டை ஏறக்குறைய 42 × 30 மில்லிமீட்டர், பம்பரம்போல் ஒரு முனை கூர். நாலும் கூர்முனையை நடுவில் சேர்த்து வைத்திருக்கும். அப்படி வைத்தால்தான் சிறிய வயிற்றுக்கு அடியில் நாலும் அடங்கும். முனை வெளிப்பக்கம் திரும்பிக் கலைந்து கிடந்தால் ஏதோ வந்து கிளறியிருக்கிறது.

கடைசி முட்டை இட்ட பிறகுதான் அடை மும்முரமாகும். அதனால்தான் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொரிக்கும். 28 முதல் 30 நாள். என்று தொடங்கியது என்று உங்களுக்குத் தெரியாது என்பதால் முழு முப்பது நாள் காத்திருக்கத் தேவையில்லாமலும் போகலாம். அடுத்த முறை தூரத்திலிருந்து பைனாகுலர் வழியே முட்டை ஓட்டைப் பாருங்கள். அகலமான முனைப்பக்கம் நட்சத்திரம்போல் கீறல் விட்டிருந்தால் ஓரிரு நாளில் பொரித்துவிடும். உழவைத் தள்ளிப்போட முடிந்தால் அதைவிடச் சிறந்த வழி எதுவும் இல்லை.

தள்ள முடியாவிட்டால், கூட்டைச் சுற்றி ஒரு திட்டை உழாமல் விடுங்கள். குறைந்தது நாலு மீட்டர் அகலம். ரோட்டாவேட்டர் (சுழல் கலப்பை) ஆறடி அகலம் என்று வைத்தால் இரண்டு சாலுக்குச் சற்றே கூடுதலான நிலம்தான் போகிறது. ஒன்பது கொழு உள்ள கலப்பை ஓட்டினால் மண் பக்கவாட்டில் தெறிக்கும், இன்னும் ஒரு மீட்டர் கூட்டுங்கள்.

குறி வைப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கூட்டின் பக்கத்திலேயே குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுவார்கள். காக்கைக்கு அது அழைப்பிதழ். டிராக்டர் ஓடும் திசையில், கூட்டுக்கு முன்னால் ஐந்து மீட்டரில் ஒரு குச்சி, பின்னால் ஐந்து மீட்டரில் ஒரு குச்சி. முழங்கால் உயரம் போதும், துணி வேண்டாம், முனையில் சுண்ணாம்பு பூசினால் ஓட்டுபவருக்குத் தெரியும். முதல் குச்சியில் கலப்பையைத் தூக்கி, இரண்டாவதைத் தாண்டி இறக்க வேண்டும். நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்து பக்கம் இதன் உறவுப் பறவையான வடக்கத்தி ஆள்காட்டிக்குத் தன்னார்வலர்கள் வயல் வயலாகப் போய் இப்படித்தான் குறி நட்டு, விவசாயிகளிடம் சொல்லி வைக்கிறார்கள்.

ஓட்டுநரிடம் வாயால் சொல்வது போதாது. நடந்து காட்டுங்கள். உழும்போது வரப்பில் நீங்களோ வீட்டில் ஒருவரோ நிற்க வேண்டும். அந்தப் பகுதியை விடிந்ததும் முதலில் முடித்துவிட்டால், வெயில் ஏறுமுன் பறவை திரும்ப உட்கார்ந்துவிடும். பதினொன்றிலிருந்து நாலு வரை கூட்டுப் பக்கம் டிராக்டர் போகவே கூடாது. காரணத்தை நாளை எழுதுகிறேன்.

கண்மாய்க்கரை | ஏப்ரல் 9, காலை 6.15

கூட்டைப் பார்க்கப் போனால் நேராகப் போய்த் திரும்பி வராதீர்கள். பக்கவாட்டில் கடந்து அப்படியே அந்தப் பக்கம் வெளியேறுங்கள். கீரி மோப்பம் பிடித்து வரும். உங்கள் தடம் கூட்டோடு முடிந்தால் அதுவும் அங்கேயே நிற்கும். சுற்றுவட்டத்தில் காக்கை உட்கார்ந்திருந்தால் அன்றைக்குப் போகவே வேண்டாம். அது உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, நீங்கள் எங்கே குனிகிறீர்கள் என்று பார்க்கிறது.

கரட்டுமேடு | ஏப்ரல் 9, மதியம் 1.40

நடுப்பகல் ஏன் கூடாது என்றால், அந்த நேரத்தில் ஆள்காட்டி அடைகாப்பது சூடு கொடுக்க அல்ல, சூட்டைத் தடுக்க. சித்திரை வெயிலில் வெறும் மண் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கருவால் 40 டிகிரிக்கு மேல் நெடுநேரம் தாங்க முடியாது. பறவை முட்டைமேல் அழுந்தி உட்காராமல், காலைப் பாதி மடக்கி, இறக்கையைக் கொஞ்சம் விரித்து, வாயைத் திறந்து இரைத்துக்கொண்டு நிற்கும். முட்டைமேல் விழுவது அதன் நிழல். அதை அரை மணி நேரம் எழுப்பிவிட்டால் நாலு முட்டையும் வெந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் முட்டை நன்றாகத்தான் இருக்கும். முப்பது நாள் கழித்தும் பொரிக்காதபோதுதான் தெரியும்.

ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். பெண் உட்கார்ந்திருந்தால் வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் ஆண் வந்து மாற்றிவிடுவதைப் பார்க்கலாம். மாறிப் போன பறவை தண்ணீருக்குப் போகும். குடித்துவிட்டு உடனே வராது. வயிறு நனையும் ஆழத்தில் நின்று, குந்தி எழுந்து, இறகுக்குள் தண்ணீர் ஏறும் வரை அப்படியே இருக்கும். பிறகு நேராகப் பறந்து வந்து ஈர வயிற்றோடு முட்டைமேல் அமரும். முட்டை ஓடு ஈரமாகும், காற்றுப் பட்டதும் சூடு இறங்கும். குஞ்சு பொரித்த பிறகும் இப்படித் தண்ணீர் கொண்டுவரும்.

ஆகவே செம்மண்காடு, உங்கள் காட்டுப் பக்கம் கிணற்றுத் தொட்டியோ கசிவுக்குட்டையோ ஏப்ரலில் வற்றிவிட்டதா என்று பாருங்கள். வற்றியிருந்தால், கூட்டிலிருந்து நூறு மீட்டராவது தள்ளி ஓர் அகலமான தட்டில், இரண்டு விரற்கடை ஆழத்துக்கு, உள்ளே சரளை பரப்பித் தண்ணீர் வையுங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் காக்கையும் நாயும் அங்கேயே வந்து தங்கும்.

நிழலுக்காக ஓலை சாய்த்து வைப்பது, குடை நடுவது எதுவும் வேண்டாம். நாலு பக்கமும் பார்வை தெரியாத இடத்தில் ஆள்காட்டி உட்காராது. நல்ல எண்ணத்தில் செய்ததே கூட்டைக் கைவிட வைத்துவிடும்.

வன்னி வாசகர் | ஏப்ரல் 11, இரவு 8.50

எங்கட பக்கம் ஆக்காட்டி எண்டுதான் சொல்லுவம். இலங்கையில இருக்கிறது கொஞ்சம் சின்னது, நிறமும் கடுமை, தனி உள்ளினம். சிறுபோக நெல்லுக்கு வயலைப் பண்படுத்தேக்கை இதே பிரச்சினைதான், ஆனா உழவைவிடத் தண்ணியாலதான் கனக்க முட்டை அழியுது. வாய்க்கால் திறந்தா குழிக்குள்ள தண்ணி நிண்டிடும். நாங்கள் செய்யிறது: கூட்டில இருந்து ஒரு மீற்றர் தள்ளிச் சுத்திவர ஒரு சாண் உயரத்துக்கு வரம்பு கட்டி விடுறது. வரம்புக்கு மண்ணை வெளிப்பக்கத்தால வெட்டுங்கோ, உள்பக்கத்தால வெட்டினா பள்ளம் விழுந்து ஊத்துத் தண்ணி அங்க சேரும். விடியவே வேலையை முடிச்சுப்போட்டு விலகிடவேணும்.

கரட்டுமேடு | ஏப்ரல் 11, இரவு 10.05

வன்னிக்காரர் சொன்ன வெளிமண் விஷயம் முக்கியம். ஏப்ரல் 8-ல் நான் எழுதிய திட்டுக்கும் அதுவே பொருந்தும். சுற்றி ஆழ உழுதுவிட்டு நடுவில் திட்டை மட்டும் விட்டால் முதல் கோடை மழையில் ஓரம் இடிந்து சரியும். திட்டை ஒட்டிய சால்களை மேலாக ஓட்டச் சொல்லுங்கள்.

கூட்டையே நகர்த்தலாமா என்று தனியே ஒருவர் கேட்டிருக்கிறார். முட்டைகளை ஒரே தூக்காகத் தூக்கி வரப்போரம் வைத்தால் பறவை அவற்றைத் தேடாது, பழைய இடத்தில்தான் வந்து நிற்கும். சிறிது சிறிதாக நகர்த்திக் காப்பாற்றிய பதிவுகள் உண்டு. ஒரு தடவைக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு, அதே ஆழத்தில் குழி, கூட்டில் இருந்த அதே சரளையும் ஆட்டுப்புழுக்கையும், கூர்முனை நடுவில், பறவை வந்து உட்கார்ந்ததை உறுதிசெய்த பிறகே அடுத்தது. ஆனாலும் என் தீர்ப்பு: செய்யாதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பறவை முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. வேறு வழியே இல்லையென்றால் வனச்சரக அலுவலகத்தில் சொல்லிவிட்டு அவர்கள் முன்னிலையில் செய்யுங்கள்.

பனங்காடை | ஏப்ரல் 12, காலை 9.30

அடைக்கோழிக்கு அடியில் வைத்தால் பொரிக்காதா? எங்கள் வீட்டில் ஒன்று அடையில் இருக்கிறது.

கரட்டுமேடு | ஏப்ரல் 12, காலை 11.10

வைக்காதீர்கள். கோழிக்கு 21 நாள் கணக்கு. தன் முட்டைகள் பொரித்ததும் குஞ்சுகளோடு எழுந்து போய்விடும், ஆள்காட்டிக்கு இன்னும் ஒரு வாரம் பாக்கி இருக்கும். தப்பித் தவறிப் பொரித்தாலும், கோழியின் கூப்பாட்டுக்கு அது ஓடி வராது. ஆபத்து வந்தால் கோழிக்குஞ்சு தாயிடம் ஓடும். ஆள்காட்டிக் குஞ்சு இருந்த இடத்திலேயே படுத்துவிடும். அதன் தீனி எறும்பு, வண்டு, கறையான், சிறு புழு. குருணையில் வளராது.

கண்மாய்க்கரை | ஏப்ரல் 14, காலை 6.40

மழைக்குறி பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் ஆள்காட்டி மேட்டில் முட்டையிட்டால் அந்த வருஷம் நல்ல மழை, பள்ளத்தில் இட்டால் வறட்சி என்று விவசாயிகள் கணிப்பார்கள். வருஷா வருஷம் செய்தித்தாளிலும் வரும். எனக்கு இதில் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. பறவைக்குத் தெரியாமல் நமக்கா தெரியும்?

கரட்டுமேடு | ஏப்ரல் 14, இரவு 8.30

முட்டை இடும் நாளில் மண் எப்படி இருக்கிறது என்பது அதற்குத் தெரியும். அது உண்மையான அறிவு. நின்ற நீரில் முட்டை குளிர்ந்து செத்துவிடும் என்பதால், தரை ஈரமாக இருந்தால் மேட்டைத் தேடும், கட்டாந்தரையாக இருந்தால் ஏரிக்குள்ளேயே இறங்கி இடும். அதாவது ஏற்கெனவே பெய்ததைச் சொல்கிறது. இனம்பெருக்கும் பருவம் பெரும்பாலும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. ஒரே கண்மாயில் மார்ச்சில் ஒரு ஜோடி நடுப்பள்ளத்திலும், கோடை மழைக்குப் பிறகு மே மாதம் இன்னொரு ஜோடி கரைமேட்டிலும் இடுவது சாதாரணம். இதில் எந்த ஜோடியை வைத்து வருஷத்தைக் கணிப்பது? வரப்போகும் மழை தெரிந்திருந்தால், முதல் வெள்ளத்தில் இத்தனை கூடுகள் முழுகியிருக்காது.

கண்மாய்க்கரை | ஏப்ரல் 15, காலை 5.55

முழுகிய கூடு வாதம் சரியானது, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் விவசாயி அதன் கூட்டை இத்தனை கவனமாகப் பார்க்க அந்த நம்பிக்கைதான் காரணம். பார்ப்பவர் மிதிக்க மாட்டார்.

செம்மண்காடு | ஏப்ரல் 15, இரவு 7.10

உழவு முடிஞ்சது, திட்டு விட்டாச்சு. அரை மணி நேரத்துல வந்து உக்காந்துருச்சு. ஒரு சந்தேகம். ஆடு மேயும்போது எந்திரிக்கவே மாட்டேங்குது, நாய் வந்தா ஓடிருது. ஏன்?

கரட்டுமேடு | ஏப்ரல் 15, இரவு 9.45

வருவது யார் என்று பார்த்து வேலையை மாற்றும். ஆடு, மாடு முட்டையைத் தின்னாது, மிதிக்கும். அதற்கு விலகினால் முட்டை போச்சு. ஆகவே கூட்டின்மேலேயே நின்று, கருப்பு வெள்ளை இறக்கையைச் சட்டென்று விரித்து, முகத்துக்கு நேரே கத்தும். மாடு மிரண்டு ஒதுங்கும். நாயும் கீரியும் தின்ன வருபவை. அவற்றுக்கு முன்னால் நின்றால் கூடு தெரிந்துவிடும். எனவே முன்பே விலகி, இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு, பிடிபடுகிற தூரத்திலேயே ஓடி இழுத்துச் செல்லும். காக்கையையும் பருந்தையும் இப்படி ஏமாற்ற முடியாது, அவை மேலிருந்து எல்லாவற்றையும் பார்க்கின்றன. அவற்றை வானத்திலேயே எதிர்கொள்ளும். ஒன்று அடையில் இருக்க மற்றது ஏறிப் பாயும்.

ஆனாலும் இழப்பு அதிகம். 1976-ல் வெளியான டெல்லி உயிரியல் பூங்கா ஆய்வில் முட்டைகளில் 43 சதவீதம் வரை கீரி, காக்கை, பருந்துக்குப் போயின. முதல் ஈடு போனால் மறுபடி இடும். அதனால்தான் ஜூலையிலும் குஞ்சு பார்க்கிறோம்.

பனங்காடை | ஏப்ரல் 19, இரவு 11.50

ராத்திரி கத்துகிறதே? களவாணி வந்தால்தான் கத்தும் என்பார்கள்.

கண்மாய்க்கரை | ஏப்ரல் 20, காலை 6.05

இரவிலும் மேயும் பறவை அது. நிலா வெளிச்சத்தில் பகல்போல நடமாடும், ஈரமண்ணில் ஒரு காலால் தட்டிப் புழு எழுப்பித் தின்னும். பூனை, நரி, ஆந்தை, தெருநாய் எது அசைந்தாலும் கத்தும். அமாவாசைப் பக்கம், ஒரே திசையில், நகராமல் விடாது கத்தினால் எழுந்து போய்ப் பாருங்கள். ஆளாகவும் இருக்கலாம்.

மாடிவீடு | ஏப்ரல் 27, மாலை 5.20

மூன்றாவது மாடி மொட்டைமாடி, ஜல்லி கொட்டி வைத்த மூலையில் நாலு முட்டை. வீடு கட்டும் வேலை நின்று கிடக்கிறது. குஞ்சு எப்படிக் கீழே இறங்கும்?

கரட்டுமேடு | ஏப்ரல் 27, இரவு 9.00

தானாக இறங்கத் தெரியாது. தாய் தந்தை கீழே நின்று கூப்பிடும், குஞ்சு குதிக்கும். எடை மிகக் குறைவு என்பதால் ஒரு மாடி உயரத்திலிருந்து மண்ணிலோ புல்லிலோ விழுந்தால் பெரும்பாலும் பிழைக்கும். மூன்று மாடி, கீழே சிமென்ட் என்றால் அபாயம். அதைவிடப் பெரிய அபாயம் கைப்பிடிச்சுவர். அது ஒரு முழம் இருந்தாலே குஞ்சால் ஏற முடியாது, தீனி இல்லாமல் மாடியிலேயே செத்துவிடும். தீனியைத் தாய் ஊட்டாது. குஞ்சு தானே கொத்தித் தின்ன வேண்டும், மாடியில் பூச்சி ஏது?

இப்போதே செய்ய வேண்டியது ஒன்றுதான்: மழைநீர்க் குழாயின் வாய்களை எல்லாம் சிறு கண் கம்பிவலையால் மூடுங்கள். குஞ்சு ஒளிய இடம் தேடி முதலில் நுழைவது அங்கேதான். உள்ளே விழுந்தால் எடுக்க வழியில்லை. செங்கல் அடுக்கின் இடுக்குகளையும் மணலால் நிரப்புங்கள்.

பொரித்த நாளில் அவசரப்பட வேண்டாம். எல்லாம் பொரித்து, ஈரம் உலர்ந்து, எழுந்து நடக்க ஆரம்பிக்கட்டும். அது ஒருசில மணி நேரம். பிறகு காலையிலோ மாலையிலோ, திறந்த கூடையில் அடியில் துணி விரித்து நாலையும் எடுத்து, பெற்றோர் பார்க்கும்படி படி இறங்கிப் பக்கத்து வெற்று மனையில் புல் ஓரமாக விடுங்கள். மூடிய அட்டைப்பெட்டி வேண்டாம். குஞ்சு கத்துவது கேட்டால்தான் அவை பின்னால் வரும். கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. விட்டதும் விலகி, ஐம்பது மீட்டர் தள்ளி நின்று பெற்றோர் இறங்குகிறதா என்று பாருங்கள். தெருநாய் இருக்கும் மனையாக இருந்தால் அடுத்த மனை தேடுங்கள்.

ஜல்லி என்பதால் நினைவு வந்தது. ரயில் தண்டவாளத்துக்கு நடுவிலுள்ள ஜல்லியிலும் இட்டுப் பொரித்திருக்கிறது. ரயில் வரும்போது எழுந்து ஒதுங்கி, போனதும் வந்து உட்காரும்.

செம்மண்காடு | மே 3, காலை 8.15

நாலும் பொரிச்சிருச்சு. குழியில ஓடுகூட இல்ல. ஏதாவது தின்னுருச்சோன்னு பயந்தேன், ஆனா ரெண்டும் பயங்கரமா கத்துது.

கரட்டுமேடு | மே 3, காலை 9.30

ஓட்டைத் தாய் தந்தையே தூக்கிக்கொண்டு போய் தூரத்தில் போட்டுவிடும். ஓட்டின் உட்புற வெள்ளை வெயிலில் பளிச்சென்று தெரியும், வாசமும் அடிக்கும். கத்துகிறதென்றால் குஞ்சு உயிரோடு, பக்கத்தில் இருக்கிறது. காட்டுக்குள் நடக்க வேண்டாம்.

குஞ்சைக் கிட்டத்தில் கண்டால் இப்படி இருக்கும்: கருவாட்டுத் துண்டுபோல் தரையோடு ஒட்டி, கழுத்தை நீட்டி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் கிடக்கும். பிடரியில் ஒரு வெள்ளைப் பட்டை உண்டு, படுத்ததும் அதை உள்ளே இழுத்து மறைத்துக்கொள்ளும். முதுகில் மண் நிறத்தில் கரும்புள்ளி. தொட்டால்கூட எழாது. செத்துவிட்டது என்றோ நோய் என்றோ நினைத்து எடுத்துப் போகிறவர்கள் நிறைய. விட்டுவிடுங்கள். பெற்றோரின் அபாயக் குரல் மாறியதும் தானே எழுந்து ஓடும். நடுச்சாலையில் படுத்திருந்தால் மட்டும் எடுத்து, பெரியது கத்தும் பக்கத்து ஓரத்தில் வையுங்கள். பால், சோறு, தண்ணீர்ச் சொட்டு எதுவும் வாயில் விட வேண்டாம். அது வாயைத் திறந்து வாங்கிப் பழகிய ஜாதி அல்ல, மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

முதல் வாரம்தான் கண்டம். அதைத் தாண்டினால் பெரும்பாலும் தேறிவிடும். பறக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை காட்டில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். செத்த வண்டைத் தின்ற குஞ்சும் சாகும்.

வன்னி வாசகர் | மே 9, இரவு 9.20

மஞ்சள் மூக்கு ஆக்காட்டிக்கும் இதெல்லாம் பொருந்துமோ?

கரட்டுமேடு | மே 10, காலை 7.00

பெரும்பாலும் பொருந்தும், இடத்தில்தான் மாறும். மஞ்சள் மூக்கு தண்ணீரை விட்டு விலகிய வறண்ட கரம்பு, செம்மண் மேடு, குவாரி ஓரம் என்று போகும். பெரும்பாலும் மழைக்கு முன்பே, மார்ச்சிலிருந்து மேக்குள் இட்டு முடிக்கும். சத்தமும் குறைவு, ஒல்லியான இரண்டசைக் குரல். வயிறு நனைக்கப் பத்து நிமிடம் வரைகூடத் தண்ணீரில் நிற்கும். பொய் அடை இதற்கும் உண்டு. அதன் இடங்களைத்தான் "சும்மா கிடக்கும் நிலம்" என்று முதலில் வேலி போட்டு மனை பிரிக்கிறார்கள் என்பதால் எனக்கு இதைப் பற்றித்தான் கவலை அதிகம்.

கண்மாய்க்கரை | மே 10, மாலை 6.30

தரையில் கண்ட முட்டையெல்லாம் ஆள்காட்டி இல்லை. பலர் தனித்தனியே படம் அனுப்புவதால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். வெறுந்தரையில் இரண்டே முட்டை, பெரிது, பறவை பெரிய மஞ்சள் கண்ணோடு பகலில் அசையாமல் நின்றால் கண்கிலேடி. சருகுமேல் இரண்டு முட்டை, காலடியில் வரும்வரை எழும்பாத பறவை பக்கி. புதரடியில் புல்லுக்குள் ஆறேழு, புள்ளியில்லாத வெளிர்நிறம் என்றால் கவுதாரி. ஆள்காட்டி முட்டை மாதிரியே நாலு, ஆனால் ஈரச் சேற்றுத் திட்டில், பறவைக்கு நீண்ட சிவப்புக் கால் என்றால் நெடுங்கால் உள்ளான்.

பக்கிக்கும் கண்கிலேடிக்கும் குச்சியைப் பத்து மீட்டர் தள்ளி நடுங்கள். அவை ஆள்காட்டிபோல் சத்தம் போட்டு உங்களுக்கு முன்கூட்டிச் சொல்லாது, எழும்பினால் திரும்பி வரவும் நேரமாகும்.